அடாஸ் கார் வாங்கியாச்சா? முதல் மாதம் இப்படிப் பழகுங்கள்

தண்டையார்பேட்டையில் ஆக்டிங் டிரைவராக இருக்கிறேன். யார் கூப்பிட்டாலும் போய் அவர்கள் வண்டியை ஓட்டித் தருவது என் வேலை. வாரத்துக்கு நாலைந்து விதமான கார்களில் கை படும். இரண்டு மூன்று வருடமாக ஒன்றைக் கவனிக்கிறேன். மோதப் போகிறது என்றால் கத்துகிற, நாம் பிரேக் மிதிக்காவிட்டால் தானே பிடிக்கிற கார்களை நம் பக்கத்து ஆட்களும் வாங்குகிறார்கள். எல்லோரும் அதை ‘அடாஸ்’ என்கிறார்கள். கூடுதல் காசு கொடுத்து வாங்கியவர்களே ஒரு வாரத்தில் மெனுவுக்குள் போய் எல்லாவற்றையும் அணைத்தும் விடுகிறார்கள்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. காலை ஒன்பது மணிக்கு, எந்நேரமும் நெரிசலான எங்கள் டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) ஓட்டினால் யாருக்கும் அந்தச் சத்தம் தாங்காது. ஆனால் அணைத்துவிட்ட வண்டி, என்றாவது ஒருநாள் நம் கண் தவறும் அந்த ஒரு நொடியில் ஊமையாக நிற்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிரைவர் ஆவதற்கு முன் நான் ஹார்பர் டிரெய்லரில் கிளீனர். வண்டி திரும்பும்போது இடது பக்கம் டிரைவருக்குத் தெரியாது, நான் கதவைத் தட்டித்தான் சொல்ல வேண்டும். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போகலாம். புதிதாக ஒரு பையன் கிளீனராக ஏறினால் டிரைவர் முதல் நாலு நாள் அவன் தட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். எதற்குத் தட்டுகிறான், எதற்குப் பயந்து சும்மா தட்டுகிறான், எதைப் பார்க்காமல் விடுகிறான் என்று கவனிப்பார். அதற்காக அவனை இறக்கியும் விடமாட்டார். பத்தாவது நாள் அந்தத் தட்டுக்கு அவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அடாஸையும் இப்படித்தான் பழக வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

2021-ல் எம்ஜி ஆஸ்டர், மஹிந்திரா எக்ஸ்யூவி 700 என்று வந்தபோது இது பெரிய வண்டிக்காரர்கள் விஷயமாக இருந்தது. 2024 டிசம்பரில் வந்த புது ஹோண்டா அமேஸ் வரைக்கும் இப்போது இறங்கிவிட்டது. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வண்டிக்கு வண்டி மாறும். ஹோண்டா சிட்டியிலும் அமேஸிலும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராதான் எல்லாவற்றையும் பார்க்கிறது. எக்ஸ்யூவி 700-ல் கேமராவோடு முன்பக்கம் ரேடாரும் இருக்கிறது.

ஷோரூமில் நிறத்தையும் சன்ரூஃபையும் பேசி முடித்த பிறகு நாலு கேள்வி கேளுங்கள். வெறும் எச்சரிக்கை மட்டுமா, தானே பிரேக்கும் பிடிக்குமா? நடந்து போகிறவரையும் பைக்கையும் அடையாளம் காணுமா, கார் லாரி மட்டும்தானா? எந்த வேகத்தில் வேலை செய்யத் தொடங்கும்? ரிவர்ஸ் எடுக்கும்போது குறுக்கே வருவதைச் சொல்லுமா? வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் இருந்து தினமும் பின்னால் எடுத்து வெளியே வருகிறவருக்கு மற்ற மூன்றையும் விடக் கடைசி வசதிதான் அதிகம் உதவும். விற்பவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் வண்டியின் கையேட்டை வாங்கிப் பாருங்கள், அதில் இருக்கும்.

முதல் கேள்வி மிக முக்கியம். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஐ.ஐ.எச்.எஸ். விபத்துப் பதிவுகளை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. முன்னால் போகும் வண்டியில் போய் இடிக்கும் விபத்துகள், எச்சரிக்கை மட்டும் தரும் கார்களில் 27 சதவீதம் குறைந்திருக்கின்றன. தானே பிரேக் பிடிக்கும் கார்களில் பாதியாகக் குறைந்திருக்கின்றன. அங்கே ரோடு வேறு, நெரிசல் வேறு. ஆனால் கத்துவதோடு நிற்கும் வண்டிக்கும் தானே பிரேக் பிடிக்கும் வண்டிக்கும் வித்தியாசம் எங்கேயும் உண்டு.

முதல் நாள் வண்டியை நகர்த்தாதீர்கள்

வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியைப் போட்டு, கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். கேமரா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உள் கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியை ஒட்டி இருக்கும். ரேடார் இருந்தால் அது பெரும்பாலும் முன் பம்பரிலோ கிரில்லிலோ சப்பையான ஒரு மூடியாகத் தெரியும். பிளைன்ட் ஸ்பாட், அதாவது பக்கக் கண்ணாடியில் தெரியாத இடத்தைப் பார்க்கும் ரேடார்கள் பின் பம்பரின் இரண்டு மூலைக்குள்ளும் ஒளிந்திருக்கும்.

பிறகு மெனு. முன்மோதல் எச்சரிக்கை, லேன் எச்சரிக்கை, பிளைன்ட் ஸ்பாட், ரிவர்ஸில் குறுக்கே வருவது எல்லாம் தனித்தனி சுவிட்சாக இருக்கும். நிறைய பேருக்கு இது தெரியவே இல்லை. ஒன்று தொல்லை கொடுத்தால் எல்லாவற்றையும் மொத்தமாக அணைக்கிறார்கள். முன்மோதல் எச்சரிக்கையில் சீக்கிரம், நடுத்தரம், தாமதம் என்று நேரம் மாற்றும் இடம் பல கார்களில் உண்டு. சத்தத்தைக் குறைக்கும் இடமும் உண்டு. இந்த இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முன்மோதல் அமைப்பு எடுத்தவுடன் முழு பிரேக் பிடிப்பது இல்லை. முதலில் டிஸ்பிளேயில் படமும் பீப்பும் வரும். அதற்கும் நீங்கள் அசையவில்லை என்றால் சில வண்டிகளில் ஒரு சின்னக் குலுக்கல். அப்புறம்தான் முழு பிரேக். நீங்கள் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தாலோ ஸ்டியரிங்கை வெட்டினாலோ பெரும்பாலான வண்டிகள் ‘சரி, இவர் பார்த்துக்கொள்கிறார்’ என்று விட்டுவிடும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். தானே நின்ற வண்டி தொடர்ந்து பிரேக்கைப் பிடித்தே வைத்திருக்கும் என்று நினைக்காதீர்கள். பல கார்கள் ஓரிரு நொடியில் விட்டுவிடும், அதற்குள் உங்கள் கால் பிரேக்கில் இருக்க வேண்டும். கியர் வண்டி என்றால் இன்ஜின் ஆஃப் ஆகி நிற்கவும் கூடும்.

நண்பரை முன்னால் நிற்க வைத்தோ அட்டைப் பெட்டியை அடுக்கியோ சோதித்துப் பார்க்கும் வேலை மட்டும் கூடவே கூடாது. கேமராவுக்கு அட்டைப் பெட்டி ஒரு வண்டி இல்லை. நண்பர் நம்மை நம்பித்தான் அங்கே நிற்கிறார்.

முதல் ஓட்டம் வெளிவட்டச் சாலையில்

பழகுவதை டி.எச். ரோட்டில் தொடங்காதீர்கள். நிறைய பேர் அங்கே தொடங்குவதால்தான் வெறுத்துப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மீஞ்சூர் பக்கம் போய் வெளிவட்டச் சாலையில் ஏறுங்கள். வண்டலூர் வரை 62 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, நெமிலிச்சேரி வரை போய்த் திரும்பினாலே போதும். அகலமான ரோடு, கோடு தெரியும், குறுக்கே வருவது குறைவு. இந்த அமைப்புகள் இப்படிப்பட்ட ரோட்டை மனதில் வைத்துச் செய்தவைதான்.

இங்கே லேன் எச்சரிக்கை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பல கார்களில் இது 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல்தான் விழிக்கும். இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் பீப் அடிக்கும், சில வண்டி ஸ்டியரிங்கையும் லேசாக இழுக்கும். முதல் முறை அந்த இழுப்பு வந்தபோது யாரோ பக்கத்தில் இருந்து கை வைத்த மாதிரி இருந்தது எனக்கு. இண்டிகேட்டர் போட்டுவிட்டு லேன் மாறினால் அது பேசாமல் இருக்கும். இந்தச் சத்தத்துக்காகவே இண்டிகேட்டர் போடப் பழகிய இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, மூன்றாவது ஓட்டத்துக்கு மாதவரம் 200 அடி சாலை நல்லது. ரெட்டேரியில் இருந்து மணலி பக்கம் வரை லாரி, டேங்கர், பஸ், பைக் எல்லாம் இருக்கும், ஆனால் இடமும் இருக்கும். பிளைன்ட் ஸ்பாட் விளக்கு எப்போது எரிகிறது என்று இங்கே பழகலாம். பக்கக் கண்ணாடியில் ஆரஞ்சு விளக்கு எரியும்போது ஒரு தடவை தலையைத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் பார்க்காத ஒரு பைக் அங்கே இருக்கும். நாலு தடவை அப்படி நடந்தால் அந்த விளக்கை நீங்களே நம்புவீர்கள், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

டி.எச். ரோடு

இதுதான் பரீட்சை. மெட்ரோ தூண்கள் நடுவில், ஒரு பக்கம் கடைக்கு முன் நிறுத்திய வண்டிகள், தேரடிப் பக்கம் பூக்கடைக் கூட்டம், இடது வலது பார்க்காமல் நுழையும் பைக், நினைத்த இடத்தில் நிற்கும் ஷேர் ஆட்டோ. சென்னையில் கார்களுக்கு 60 கிலோமீட்டர் என்று 2023 நவம்பரில் இருந்து வேக வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்த ரோட்டில் பகலில் 30 போனாலே பெரிது.

கார் ஏன் கத்துகிறது? அது பார்ப்பது இரண்டே விஷயம். முன்னால் இருப்பதற்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி, அந்த இடைவெளி எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது. 30 கிலோமீட்டரில் நாம் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகிறோம். ஒரு பைக்காரர் 4 மீட்டர் முன்னால் நுழைந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் காரின் கணக்கில் அது ஆபத்து. அவர் இடது பக்கம் டீக்கடைக்கு ஒதுங்கப் போகிறார் என்று நமக்கு அவர் தோளைப் பார்த்தாலே தெரியும். காருக்குத் தோள் தெரியாது. அதனால் அது பொய் சொல்கிறது என்று நினைக்காதீர்கள். இடைவெளி குறைந்தது உண்மை. நமக்கு ஊர்ப் பழக்கம் தெரியும், அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இங்கே நான் செய்வது இது. முன்மோதல் எச்சரிக்கையின் நேரத்தைத் ‘தாமதம்’ என்று மாற்றுவேன். சத்தத்தைக் குறைப்பேன். ஆட்டோ பிரேக்கில் கை வைக்க மாட்டேன். லேன் எச்சரிக்கையை வேண்டுமானால் அணைத்துக்கொள்ளுங்கள், அந்த வேகத்தில் அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மேலே சொன்ன ஐ.ஐ.எச்.எஸ். ஆட்கள் 2016-ல் ஷோரூம்களுக்கு சர்வீசுக்கு வந்த கார்களை எட்டிப் பார்த்தார்கள். முன்மோதல் அமைப்பு 93 சதவீத வண்டிகளில் ஆன் செய்தபடி இருந்தது. லேன் அமைப்பு 51 சதவீதத்தில்தான். கோடு பளிச்சென்று இருக்கும் நாட்டிலேயே பாதிப் பேர் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் முன்மோதலை அவர்கள் தொடவில்லை என்பதைப் பாருங்கள்.

எல்லோரும் கேட்கும் கேள்வி: “அது சடார்னு பிரேக் போட்டா பின்னாடி வர்றவன் நம்ம மேல வந்து ஏறிட மாட்டானா?” நியாயமான பயம். முழு பிரேக் அடிக்கடி வருவது இல்லை. நான் ஓட்டியதில் பீப் நூற்றுக்கணக்கில் வந்திருக்கும், தானே முழுதாகப் பிடித்தது இரண்டு முறை. முன்னால் இருக்கும் வண்டியோடு கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டால் அந்த நிலைமையே வராது. இடைவெளி விட்டால் பைக் நுழைவான் என்பீர்கள். நுழையட்டும். பாரிமுனை போய்ச் சேர ஐந்து நிமிடம் கூட ஆகும்.

காலடிப்பேட்டையில் ஒரு பெரியவருக்கு வண்டி ஓட்டினேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வாங்கிக் கொடுத்த கார். ஓட்டுவது அவர்தான், நான் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட வேண்டும். முதல் பீப்புக்கே முகம் சிவந்துவிட்டது.

“இன்னா தம்பி இது? எனக்குக் கண்ணு தெரியலன்னு நெனச்சுக்கிச்சா?”

நாற்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர் கேட்கிற கேள்வி அது. அதற்கு என்ன விளக்கம் சொன்னாலும் சண்டையாகத்தான் போகும். நான் ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொண்டேன். “ஐயா, ஒவ்வொரு பீப்புக்கும் நீங்களே சொல்லுங்க. தேவைன்னா டிக், தேவையில்லன்னா பெருக்கல்.” அன்று பாரிமுனை வரை பதினொரு பீப். பத்துப் பெருக்கல், ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறி சுங்கச்சாவடி பக்கம் வந்தது. அவர் வலது பக்கம் ஒரு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார், முன்னால் ஆட்டோ நின்றுவிட்டது. நான்காம் நாள் அதே மாதிரி ஒன்று வந்தபோது நான் கேட்கவே இல்லை. “இது டிக் போட்டுக்கோ தம்பி. நான் பாக்கல” என்றார். வாரக் கடைசியில் நோட்டில் மூன்று டிக் இருந்தது. எச்சரிக்கையைத் தாமதத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். இப்போதும் ஆன் செய்துதான் ஓட்டுகிறார்.

இந்த நோட்டு வேலையை நீங்களும் செய்யலாம். ஓட்டிக்கொண்டே எழுதக் கூடாது, பக்கத்தில் உட்காருபவர் குறிக்கட்டும். வீட்டில் பெரியவர்களைப் பழக்குவதாக இருந்தால் தீர்ப்பை அவர்கள் கையில் கொடுங்கள். “கார் உங்களைவிட நல்லா பாக்குது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதோடு முடிந்தது.

ராத்திரியில் எக்ஸ்பிரஸ் ரோடு

காசிமேட்டில் இருந்து எண்ணூர் பக்கம் போகும் எக்ஸ்பிரஸ் ரோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹார்பருக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் வண்டிகள் இடது ஓரத்தில் வரிசையாக நிற்கும். பின் விளக்கு எரியாது, பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் புழுதியில் மறைந்திருக்கும். அந்த வண்டிகளில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், தூங்கும் டிரைவருக்கு பேட்டரி இறங்கிவிடும் என்ற கவலை உண்டு, அதனால் விளக்கை அணைத்துவிடுவார்.

இங்கே அடாஸை நம்பி வேகம் எடுக்கவே எடுக்காதீர்கள். கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். ரேடாருக்கு இருட்டு பொருட்டல்ல, ஆனால் அசையாமல் நிற்கும் பொருளில் அதற்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பாலம், பெயர்ப்பலகை, தடுப்புக் கம்பி எல்லாமே அசையாத இரும்புதான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தால் ஓட்ட முடியாது என்பதால், வேகமாகப் போகும்போது நிற்கும் பொருள்களில் பலவற்றைக் கணக்கில் எடுக்காமல் விடும்படிதான் செய்திருக்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் லாரிக்கு வண்டி எச்சரிக்கை கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன், கொடுக்காமல் போனதையும் பார்த்திருக்கிறேன்.

கணக்கு இதுதான். 60 கிலோமீட்டரில் லாரி கண்ணில் பட்டு, மனம் புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றால் அதற்குள் வண்டி 25 மீட்டர் போயிருக்கும். காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 20 மீட்டர். மொத்தம் 45 மீட்டர். நாற்பதடி கன்டெய்னர் ஒன்று 12 மீட்டர் நீளம், அதை நாலு நிறுத்தி வைத்தால் வரும் தூரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் ஹெட்லைட்டில் அவ்வளவு தூரம் தெளிவாகத் தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான்.

நடந்து குறுக்கே வருகிறவர்களுக்கும் அப்படித்தான். விளக்கு இல்லாத இருட்டு ரோட்டில், ஆளைப் பார்த்துப் பிரேக் பிடிக்கும் அமைப்பு இருந்த காருக்கும் இல்லாத காருக்கும் விபத்தில் வித்தியாசம் இல்லை என்று அதே ஐ.ஐ.எச்.எஸ். கணக்குக் காட்டுகிறது. அதிகாலை மூன்று மணிக்குக் காசிமேட்டுக்கு மீன் எடுக்க வரும் பெண்கள் கூடையோடு அந்த ரோட்டைக் கடக்கிறார்கள். அவர்களைப் பார்க்க வேண்டியது உங்கள் கண்தான்.

வேறு எதையெல்லாம் பார்க்காது? மீன்பாடி வண்டியில் பின்னால் ஆறடி நீட்டிக்கொண்டிருக்கும் கட்டடக் கம்பி. கேமரா வண்டியைக் கண்டாலும் கம்பியின் நுனியைக் காணும் என்று நம்ப முடியாது. ரோட்டில் படுத்திருக்கும் மாட்டையும் நம்ப முடியாது. போகி அன்று விடியற்காலைப் புகையில் கேமரா ‘எனக்குத் தெரியவில்லை’ என்று டிஸ்பிளேயிலேயே செய்தி போட்டுவிடும். கொட்டும் மழையிலும் அப்படித்தான். அந்தச் செய்தி வந்தால் பழைய அம்பாசடர் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

கண்ணைத் துடைத்து வையுங்கள்

வடசென்னையில் இது சின்ன வேலை இல்லை. கடற்கரைப் பக்கம் நிறுத்தினால் ராத்திரியில் உப்புப் படியும். எண்ணூர்ப் பக்கம் சாம்பல், மணலிப் பக்கம் லாரிப் புழுதி. தினமும் காலையில் ஈரத்துணியால் கேமராவுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியையும் ரேடார் மூடியையும் பின் பம்பரின் மூலைகளையும் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் மண் கீறும்.

ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் இருக்க முடியுமா? வையுங்கள். கேமராவுக்கு முன்னாலும் ரேடார் மூடி மேலும் மட்டும் வேண்டாம். முன்னால் வாழைக்கன்று கட்டி இரண்டு நாள் அப்படியே ஓட்டினார் ஒருவர், ரேடார் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை, வண்டி கெட்டுவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார். கன்றை அவிழ்த்ததும் சரியாகிவிட்டது. எலுமிச்சை மிளகாயை ஒரு பக்கமாகக் கட்டுங்கள். முன் கண்ணாடியில் சாமி ஸ்டிக்கரைக் கீழ் மூலைக்குக் கொண்டுபோங்கள். முன்னால் இரும்பு பம்பர் கார்டு போடாதீர்கள், ரேடாரை மறைக்கும், சட்டப்படியும் தப்பு.

முன் கண்ணாடி உடைந்து மாற்றினால் கேமராவுக்கு மறுபடி கேலிபிரேஷன் செய்ய வேண்டும், அதாவது அது பார்க்கும் கோணத்தைச் சரிபார்த்து அமைக்க வேண்டும். வெளியில் மலிவாக மாற்றிக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். கேமரா கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலும் தூரத்தில் அது பார்ப்பது பக்கத்து லேனாகிவிடும். பில்லில் கண்ணாடிக்குக் கீழே கேலிபிரேஷன் என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், இன்சூரன்ஸ் கிளெய்மிலும் அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். முன் பம்பர் இடிபட்டுக் கழற்றி மாட்டினால் ரேடாருக்கும் அதே வேலை உண்டு.

வண்டியை வேறு ஒருவர் ஓட்டப் போகிறார் என்றால்

பல வீடுகளில் ஒரே காரை அப்பா, பிள்ளை, ஆக்டிங் டிரைவர் என்று மூன்று பேர் ஓட்டுகிறார்கள். ஒருவர் அணைத்தது அடுத்தவருக்குத் தெரியாது. சில வண்டிகளில் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் ஆட்டோ பிரேக் தானாக ஆன் ஆகிவிடும், ஆனால் லேனும் எச்சரிக்கை நேரமும் கடைசியாக வைத்தவர் வைத்தபடி இருக்கும்.

எங்களைப் போன்ற ஆக்டிங் டிரைவர்களிடம் சாவி கொடுக்கும்போது, “இந்த வண்டி தானே பிரேக் பிடிக்கும், எதையும் அணைக்காதீங்க அண்ணே” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தெரியாமல் ஏறுகிற டிரைவருக்கு முதல் குலுக்கல் வரும்போது வண்டியில் கோளாறு என்றுதான் தோன்றும், பதறி ஸ்டியரிங்கை வெட்டுவார். நான் ஓட்டும் ஒரு வீட்டில் டிரைவர் பக்க சன் வைசரில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். வீட்டுப் பெண் தன் கையால் எழுதியது: ‘முன் பிரேக் ஆன். சத்தம் குறைவு. லேன் ஆஃப். வெளிவட்டச் சாலையில் லேன் ஆன் செய்யவும்.’ வண்டியில் ஏறியதும் நான் முதலில் பார்ப்பது அந்தச் சீட்டைத்தான்.